கூலியாள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்

செல்லம்பட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். விவசாயம்தான் செய்வேன் என்கிறான். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், அதில் அறுபது சென்ட் மல்லிகை. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் வேலைக்கு ஐடிஐ இருக்கிறது. விவசாயத்துக்கு அப்படி என்ன இருக்கிறது? நானே நான்கு பயிற்சிகளுக்குப் போய் வந்தேன். நான்கு சான்றிதழும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இந்தப் பயிற்சிகளை எப்படி மாற்றினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்?"

அம்மா, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பகுதிகளில் வேளாண்மைக் களப்பணியில் இருந்தவன். அந்த மாதிரிப் பயிற்சிகளை நானே நடத்தியிருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வி என்னைத் தைத்தது. மகனுக்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த டிரங்குப் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும்.

கட்டட வேலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். சித்தாளாகச் சேர்கிறார், கரண்டி பிடிக்கப் பழகுகிறார், கொத்தனார் ஆகிறார், பிறகு மேஸ்திரி. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூலி இருக்கிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒரே கூலி கொடுப்பேன் என்று எந்த வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். வயலில் அப்படி இல்லை. மல்லிகைச் செடியைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கிளையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தவரும் கூலியாள்தான், நேற்று வந்து அரிவாள் பிடித்தவரும் கூலியாள்தான். ஆண் கூலி, பெண் கூலி என்ற பாகுபாடு மட்டும் தவறாமல் இருக்கிறது. கைப்பக்குவத்துக்கு என்று தனிக் கூலி கிடையாது. இந்த நிலையில் நான்கு நாள் பயிற்சி கொடுத்து ஒரு காகிதத்தை நீட்டினால் அந்தக் காகிதம் எந்தக் கதவைத் திறக்கும்?

அட்டை ஒன்று கதவைத் திறந்ததை மதுரை பார்த்திருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. அங்கே விற்க அடையாள அட்டை வேண்டும். அலுவலர் ஊருக்கு வந்து, நிலத்தையும் பயிரையும் பார்த்துவிட்டுத்தான் அட்டை தருவார். அட்டை இருந்தால் கடை கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது. அதனால் அதை யாரும் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோய், பாலித்தீன் உறைக்குள் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். பயிற்சிச் சான்றிதழுக்கும் அந்த மாதிரி ஒரு வேலை இருக்க வேண்டும். அதைக் கொண்டுபோனால் கூலி கூடவேண்டும், அல்லது காப்பீடு கிடைக்கவேண்டும், அல்லது ஒரு வேலை அதில்லாமல் நடக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத பயிற்சியை நடத்துவதே வீண் என்பது என் உறுதியான கருத்து.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், மருந்தடிப்பதில் என்பேன்.

வலையங்குளம் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலை ஏழு மணி, பூ எடுத்து முடித்துவிட்டார்கள். மருந்தடிக்க வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், பதினைந்து ஆண்டு அனுபவம். கிணற்றடியில் வாளியை வைத்து மூன்று டப்பாக்களிலிருந்து மூடி மூடியாக ஊற்றினார். ஒன்று புழுவுக்கு, ஒன்று சாறு உறிஞ்சும் பூச்சிக்கு, மூன்றாவது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. கடைக்காரர் கொடுத்தாராம். வாளிக்குள் முழங்கை வரை விட்டுக் கலக்கினார். பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டியபோது மூடி ஓரம் கசிந்து சட்டை நனைந்தது. கொஞ்ச நேரத்தில் நாசில் அடைத்துக்கொண்டது. கழற்றி, வாயில் வைத்து ஊதினார்.

அந்தத் தோட்டத்தில் இலைகள் வெளிறி, புள்ளி விழுந்து கிடந்தன. ஓர் இலையைத் திருப்பிக் கைக்கண்ணாடியில் காட்டினேன். அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை, அதற்குள் சிவப்பாக ஊர்கிற துகள்கள். சிவப்புச் சிலந்தி, இலைச் சாற்றை உறிஞ்சும் சிற்றுயிர். அதற்குச் சிலந்திக்கொல்லிதான் வேண்டும். அவர் கலக்கியிருந்ததில் ஒன்று பைரித்ராய்டு வகை மருந்து. அது சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றுவிடும், சிலந்தி மேலும் பெருகும். அதாவது காசு கொடுத்து, உடம்பைக் கெடுத்துக்கொண்டு, நோயை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளில் ஒருவர்கூட அவரை உட்காரவைத்து ஓர் இலையைத் திருப்பிக் காட்டியதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் பக்கத்தில் மருந்தடிக்கும் கூலி பெரும்பாலும் டேங்க் கணக்கு. ஒரு டேங்குக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் வேகமாக நடந்து, நாசிலைப் பெரிதாகத் திறந்து, அதிக டேங்க் ஊற்றுகிறவருக்குத்தான் வருமானம். அளவாக அடிக்கக் கற்றுக்கொண்டவர் நஷ்டப்படுவார். ஆக, பயிற்சி கொடுக்கும்போதே கூலிப் பேச்சை ஏக்கர் கணக்குக்கு மாற்றாவிட்டால், அவர் கற்றுக்கொண்டது அவருக்கே எதிராகத் திரும்பும். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் கூலி எப்படிப் பேசப்படுகிறது என்று ஒருமுறை டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

அளவு பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. டேங்கில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். இரண்டரை சென்ட் நிலத்தைக் கயிறு போட்டு அளந்து, வழக்கமான நடையில் அடித்துவிட்டு, எத்தனை லிட்டர் குறைந்தது என்று பாருங்கள். ஐந்து லிட்டர் என்றால், நாற்பதால் பெருக்க ஏக்கருக்கு 200 லிட்டர். பதினாறு லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்க். ஏக்கருக்கான மருந்தைப் பன்னிரண்டரையால் வகுத்தால் ஒரு டேங்குக்கு எவ்வளவு என்பது வந்துவிடும். ஒரு மணி நேரப் பாடம் இது. ஆனால் மூடிக் கணக்கில் ஊற்றுகிற பழக்கத்தை இந்த ஒரு மணி நேரம் மாற்றிவிடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். பூச்சிமருந்துக் கடை நடத்துகிறவருக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஏற்கனவே கடை வைத்திருந்த இடுபொருள் வியாபாரிகளுக்காக ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003 முதல் 48 வாரப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. வாரம் ஒருநாள் வகுப்பு, அதுவும் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாத நாளில், இடையிடையே வயல் பார்வை. நல்ல ஏற்பாடு. ட்ரோன் வைத்து மருந்தடிக்க வேண்டுமானால் 2021 ட்ரோன் விதிகளின்படி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், பதினெட்டு வயதும், அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சியும், ட்ரோன் இயக்குவதற்கான விமானிச் சான்றிதழும் வேண்டும். மருந்தை விற்கிறவருக்குத் தகுதி கேட்கிறோம். வானத்தில் பறக்கவிட்டு அடிப்பவருக்கும் கேட்கிறோம். அதே மருந்தை முதுகில் சுமந்து, மூக்குக்கு அருகில் அடிக்கிறவருக்கு மட்டும் எதுவுமே கேட்பதில்லை, எதுவுமே கற்றுத் தருவதும் இல்லை. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டிக் கரிசலில் பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர்களின் முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

பிரிட்டனில் தொழிலாக மருந்தடிக்கிறவர் யாராக இருந்தாலும் சான்றிதழ் வேண்டும். முதலில் ஓர் அடிப்படைத் தேர்வு, அதன்மேல் கைத்தெளிப்பானுக்கு ஒன்று, டிராக்டர் தெளிப்பானுக்கு ஒன்று என்று கருவிவாரியாகத் தனித்தனித் தேர்வு. 1964 இறுதிக்குள் பிறந்த பெரியவர்களுக்கு மட்டும் நீண்ட காலம் விலக்கு இருந்தது. 2015 நவம்பரோடு அதையும் எடுத்துவிட்டார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து, அட்டை இல்லாத கூலியாளுக்கு அபராதம் என்று போட்டால் ஏழை வயிற்றில் அடித்த பாவம்தான் வரும். நம் ஊருக்கு நான் சொல்லும் வழி வேறு. மூன்று நாள் வயல் பயிற்சி, அன்றைய கூலியைப் பயிற்சி நடத்துகிறவர்களே கொடுப்பது. தேறியவருக்கு அட்டை, கையுறை, முகமூடி, நல்ல நாசில் இரண்டு, ஒரு விபத்துக் காப்பீடு. விவசாயிகளுக்கான அரசின் உழவன் செயலியில் அட்டைக்காரர்களின் பெயரைப் பஞ்சாயத்துவாரியாகப் போடுவது. ஊரில் இரண்டு பேர் அட்டையோடு நல்ல கூலிக்குப் போனால் மூன்றாமவர் தானாகவே வந்து கேட்பார்.

இது நடக்கும் என்று நான் நம்புவதற்குக் காரணம் தென்னை. தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் தவித்த காலத்தில், 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் ஆறு நாள் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. தென்னை மரங்களின் நண்பர்கள் என்று பெயர். கருவி வைத்து ஏறுவது, காண்டாமிருக வண்டு, சிவப்புக் கூன்வண்டு தாக்கிய குருத்தை அடையாளம் காண்பது, கொண்டையைச் சுத்தம் செய்வது எல்லாம் அதில் உண்டு. முடித்தவருக்கு ஏறும் கருவியைக் கையோடு கொடுத்தார்கள், காப்பீடும் செய்தார்கள். பெண்களும் ஏறக் கற்றுக்கொண்டார்கள். பயிற்சி ஆறே நாள்தான். ஆனால் ஏழாம் நாள் காலை அவர் வேறு ஆள். சோழவந்தான், வாடிப்பட்டித் தோப்புகளில் ஆள் தேடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், மரத்துக்கு இவ்வளவு என்று ஏறுகிறவர் சொல்வதுதான் கூலி.

சான்றிதழ் கொடுக்க நாட்டில் ஏற்பாடு இல்லையா என்றால், காகிதத்தில் நிறையவே இருக்கிறது. 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. அதே ஆண்டில் இந்திய வேளாண் திறன் கவுன்சிலும் அமைந்தது. டிராக்டர் ஓட்டுநர், சொட்டுநீர்ப் பாசனத் தொழில்நுட்பர், பூச்சாகுபடியாளர், விதை உற்பத்தியாளர் என்று வேலை வேலையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் படிநிலையும் பாடமும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏற்கனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்து அங்கீகரிக்கும் முறையும் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. இது உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்த வழி. மொட்டு எடுத்து இருபது ஆண்டு ஆனவரை முதல் வகுப்பிலிருந்து உட்காரவைக்க வேண்டியதில்லை. ஆனால் சோதிக்கும் விதத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

ஒருமுறை அப்படியொரு தேர்வு நடந்த இடத்தில் நான் இருந்தேன். நடத்திய அமைப்பின் பெயர் வேண்டாம். திருப்பரங்குன்றம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மல்லிகையில் அவர் சொன்னால் ஊரே கேட்கும். கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். "கத்தரித்தல் மேற்கொள்ள வேண்டிய பருவம் எது?" என்று கேள்வி. பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, நான் கத்தரி போட்டதில்லையே" என்றார். கவாத்து என்று ஒரு சொல் போட்டிருந்தால், கார்த்திகை, நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து முழ உயரம் விட்டு வெட்ட வேண்டும், குறுக்கே போகிற கிளையையும் காய்ந்த குச்சியையும் முதலில் எடுக்க வேண்டும், வெட்டிய கையோடு எரு வைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லியிருப்பார். அவருக்கு அன்று மதிப்பெண் குறைவு. பக்கத்தில் இருந்த, செடியே தொடாத கல்லூரி மாணவர் நல்ல மதிப்பெண் வாங்கினார். பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் வைப்பதாக இருந்தால் தேர்வு இப்படி இருக்கும். தோட்டத்து வரப்பில் நின்று மஞ்சளான மூன்று இலைகளைக் கையில் கொடுப்பேன். ஒன்றில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் அடிக்கடி வரும். லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து அடித்தால் திரும்பிவிடும். இன்னொன்றில் சிலந்தி. மூன்றாவது, வேர் அழுகிய செடியிலிருந்து எடுத்தது. அதற்கு இலையைப் பார்த்தால் போதாது, செடியைச் சுற்றித் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறாரா என்று பார்ப்பேன். பிறகு இரண்டு மொட்டுகள். ஓட்டை போட்டுத் தின்ற மொட்டு புழுவால், அடிப்பகுதி வீங்கிச் சிவந்தது மொட்டு ஈயால். கடைசியாக ஒரு செடியைக் கவாத்து செய்யச் சொல்வேன். இதற்கு எழுத்தறிவு வேண்டாம், டேப்லெட் வேண்டாம். சோதிப்பவர்களில் ஒருவர் கல்லூரியிலிருந்து வரட்டும், ஒருவர் அந்த ஊரில் பேர் எடுத்த விவசாயியாக இருக்கட்டும். அந்த விவசாயிக்கும் தேர்வாளர் என்று முறையாகச் சம்பளம் கொடுக்க வேண்டும். டீயும் சால்வையும் கொடுத்து அனுப்புவது மரியாதை ஆகாது.

எப்போது நடத்துகிறோம் என்பதும் முக்கியம். எங்கள் காலத்தில் பயிற்சிகள் பிப்ரவரி, மார்ச்சில் வந்து குவியும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும். பயிற்சி தேவைப்படுவது எப்போது? பெரியாறு பாசனத்தில் இருபோகப் பகுதிக்கு ஜூனிலும் ஒருபோகப் பகுதிக்குச் செப்டம்பரிலும் தண்ணீர் திறப்பது வழக்கம். நாற்றங்கால் பயிற்சி அதற்கு முந்தைய வாரத்தில் வேண்டும். மல்லிகைக் கவாத்து நவம்பரில். நான் மார்ச் மாதம், பூ கொட்டிக்கிடக்கிற நேரத்தில், கவாத்தைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். வந்திருந்த பெண்கள் நாளைக்கு எத்தனை கிலோ எடுக்க வேண்டும் என்ற கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவன்.

ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் வேளாண்மைக் கல்லூரி 1965 முதல் இருக்கிறது. அதே வளாகத்தில் மதுரை வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. இந்த வேளாண் அறிவியல் நிலையங்கள் எதற்காக வந்தன என்று பலருக்கு மறந்துவிட்டது. 1973இல் மோகன் சிங் மேத்தா குழு, விவசாயிக்குச் செய்து கற்றுக்கொள்ளும் இடம் வேண்டும் என்று சொன்னது. அதன்படி 1974இல் நாட்டின் முதல் நிலையம் புதுச்சேரியில், நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் தொடங்கியது. பட்டம் கொடுப்பது நோக்கமில்லை, கைத்தொழில் கற்றுக்கொடுப்பதே நோக்கம். ஒத்தக்கடையில் உள்ளவர்கள் திறமைசாலிகள், அக்கறையுள்ளவர்கள். ஆனால் பேரையூர், சேடப்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பஸ் மாறி மாறிப் பத்து மணி வகுப்புக்கு எப்படி வந்து சேருவார்? ஒருநாள் கூலியும் போகும். வந்து சேருகிறவர்கள் யாரென்று பார்த்தால், மோட்டார் சைக்கிள் உள்ள ஆண்கள். வயலில் குனிந்து வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அதனால் பயிற்சி ஊருக்கு வர வேண்டும். அதற்கு நல்ல முன்மாதிரி வெளியில் இருக்கிறது. ஜெர்மனியில் விவசாயி என்பதே மூன்று ஆண்டுத் தொழிற்படிப்பு. பள்ளியில் கொஞ்சம், மீதிக் காலம் ஒரு பண்ணையில் சம்பளத்தோடு வேலை. எல்லாப் பண்ணைக்கும் ஆளைச் சேர்க்க உரிமை இல்லை, பயிற்சிப் பண்ணை என்று அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். மேலும் படித்துத் தேறினால் மாஸ்டர் என்று பட்டம். நம் நாட்டிலும் தொழில் பழகுநர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. ஆனால் அது முப்பது பேர், நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியது. மேலூரில் மூன்று ஏக்கரில் நெல் போடுகிறவர் எந்த நிறுவனம்? அவரிடம் ஒரு பையன் ஓராண்டு பழகினால் அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

எழுத முடியும் என்றுதான் நினைக்கிறேன். அட்மா என்ற அரசு வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் பண்ணைப்பள்ளி என்று ஒன்று இருக்கிறது. முன்னோடி விவசாயி ஒருவரின் வயலில், ஒரு பயிரின் காலம் முழுக்க, கட்டம் கட்டமாகக் கூடிப் படிப்பது. நான் நடத்தியவற்றில் மனநிறைவு தந்தது அது ஒன்றுதான். ஒற்றை நாற்று நடவைச் சொல்லிக்கொடுத்தபோது, பதினான்கு நாள் நாற்றைப் பார்த்து "இந்தப் புல்லையா நடச் சொல்கிறீர்கள்?" என்று கேட்ட பெண்கள், நாற்பதாம் நாள் வந்து தூர் (ஒரு நாற்றிலிருந்து கிளைத்த தண்டுகள்) எண்ணிப் பார்த்தார்கள். யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பண்ணைப்பள்ளியை ஒரு பயிரோடு நிறுத்தாமல் ஓராண்டாக நீட்டி, பழக வரும் இளைஞருக்கு மாதம் ஓர் உதவித்தொகை, கற்றுக்கொடுக்கும் விவசாயிக்கு ஒரு மதிப்பூதியம், ஆண்டு முடிவில் வயலிலேயே தேர்வு என்று வைத்தால், நம் ஊர் ஐடிஐ அதுதான். கட்டடம்கூட வேண்டாம்.

என்னென்ன வேலைக்கு என்று நீளமாகப் பட்டியல் போட மாட்டேன். இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் என்பதால் ஊர் ஊராகக் குழாய் வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் சுருட்டி வரப்பில் போட்டிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும், அதை அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். பாசி பிடித்தால் குளோரின். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி காட்டும் வித்தியாசம் கூடினால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும், வாரம் ஒருமுறை குழாய்க் கடைசி மூடியைத் திறந்துவிட வேண்டும். இதைச் செய்ய ஊருக்கு ஓர் ஆள் போதும், இருபது முப்பது தோட்டம் பார்ப்பார், மாதச் சம்பளம் போல வரும். குழாய்க்கு மானியம் கொடுக்கிற அரசு, அதைப் பராமரிக்கும் ஆளுக்கும் ஒரு பங்கு கொடுத்தால் போட்ட பணம் பூமியில் நிற்கும்.

மற்றொன்று நடவுப் பெண்கள். நடவு இயந்திரம் வந்ததும் நடவுக் குழுக்கள் வேலை இழந்தன. இயந்திரத்தை ஓட்டுவது வெளியூர் இளைஞர்கள். ஆனால் அந்த இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்கால் வேண்டும். மண் சலித்து, தட்டில் சீராகப் பரப்பி, விதை தூவி, இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஈரம் குறையாமல் வளர்க்க வேண்டும். சீராக இல்லாவிட்டால் இயந்திரம் இடைவெளி விட்டு நட்டுப்போகும். நாற்றை இவர்களைவிட அறிந்தவர் யார்? குழுவாகப் பயிற்சி கொடுத்து, சான்றிதழையும் குழுவின் பெயரில் கொடுத்து, தட்டு வாங்கக் கடன் ஏற்பாடு செய்தால், நாற்று விற்பவர்களாக மாறுவார்கள். சான்றிதழ் எப்போதும் தனி ஆளுக்குத்தான் என்று இருக்கிறது. வயல் வேலை பெரும்பாலும் குழு வேலை. இதை யாராவது மாற்றி எழுத வேண்டும்.

இனி உங்கள் மகனுக்கு வருகிறேன்.

படிப்பைத் தொடர்வதாக இருந்தால், சில அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் இருக்கிறது. பக்கத்தில் எந்தப் பள்ளியில் என்று விசாரித்துச் சேருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் இரண்டு ஆண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். உதவி வேளாண்மை அலுவலர் வேலைக்கு அதுதான் தகுதி. இயந்திரத்தில் ஆர்வம் உள்ள பையன் என்றால், ஐடிஐயிலேயே டிராக்டர் மெக்கானிக் என்று ஓராண்டுப் பிரிவு உண்டு, பத்தாம் வகுப்பு போதும். ஆந்திரத்தில் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் நம் பகுதியில் மிகக் குறைவு. அறுவடை நேரத்தில் இயந்திரம் நின்றுபோனால் ஆள் வரும்வரை கதிர் சாய்ந்து கிடக்கும். அந்த வேலைக்கு நான் உறுதியாகக் கை காட்டுவேன். ட்ரோனுக்கு அவன் பதினெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டும். அதுவரை மருந்துத் தெளிப்பானையும் தொடவிடாதீர்கள், வீட்டு மல்லிகையாக இருந்தாலும் சரி.

எதில் சேர்த்தாலும், இந்தக் கார்த்திகையில் அவனைக் கவாத்துக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரில் கைப்பக்குவம் உள்ளவர் என்று யாரைச் சொல்வார்களோ அவருடன் பத்து நாள் போகட்டும். கூலி கேட்க வேண்டாம், ஆனால் மதியச் சாப்பாடு நீங்களே கட்டிக் கொடுங்கள். நல்ல கவாத்துக் கத்தரி ஒன்று வாங்கிக் கொடுங்கள், அரிவாளால் வெட்டினால் தண்டு பிளந்துவிடும். உங்கள் அறுபது சென்ட்டில் நான்கு வரிசையை அவனிடம் விட்டுவிடுங்கள். எந்தத் தேதியில் வெட்டினான், எப்போது துளிர்த்தது, மாசியிலிருந்து தினமும் எத்தனை கிராம் மொட்டு என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டுபோகட்டும். ஆதார் நகலைக் கேட்பதற்கு முன்னால் அதை எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். இலையில் சந்தேகம் இருந்தால் பறித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும், பாலித்தீன் பையில் போட்டால் ஒத்தக்கடை போய்ச் சேர்வதற்குள் வெந்துவிடும்.